முகவரி தேடும் மருந்து

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் காலை மின்சார ரயிலில் கல்லூரி மாணவர்களும் அலுவலகம் செல்பவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் சிலர் கையில் மட்டும் எக்ஸ்ரே படங்களும் பரிசோதனைச் சீட்டுகளும் அடங்கிய பெரிய உறை ஒன்று இருக்கும். அவர்கள் கிண்டியில் இறங்கி அடையாறு செல்லும் பேருந்தைப் பிடிப்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ஆம் ஆண்டில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், அந்தத் துயரத்தை ஒரு மருத்துவமனையாக மாற்றிக் காட்டினார்.

எங்கள் கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு படிக்கும் மாணவர் ஒருவர், மூன்று வாரத்துக்கு ஒரு முறை இப்படி ஓர் உறையுடன் தம் தாயாரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். தாயாருக்கு மார்பகப் புற்றுநோய். ஒருநாள் மாலை செய்முறை வகுப்பு முடிந்து எல்லாரும் சென்ற பிறகு அவர் என் மேசையருகே வந்து நின்றார். கைப்பேசியில் வந்திருந்த ஒரு செய்தியைக் காட்டினார்.

"சார், புற்றுநோய் ஜீனையே பேச விடாமல் நிறுத்தும் ஊசி வந்துவிட்டதாமே? 'இந்த மருந்தேற்றுவதை எல்லாம் நிறுத்திவிட்டு, பணம் திரட்டி அந்த ஊசியைப் போடலாம்' என்று மாமா சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். "ஒரு வாரம் பொறுப்பா, படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை எதையும் நிறுத்த வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இக்கட்டுரையில் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். அந்தச் செய்தி முழுப் பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. உண்மைக்கும் பொய்க்கும் இடையில் நின்ற தடை பெரும்பாலும் இயற்பியல் தடையாகவே இருந்ததுதான் எனக்கு வியப்பு!

மூலப் பத்திரமும் நகலும்

பத்திரப் பதிவு அலுவலகத்துக்குச் சென்றிருக்கிறீர்களா? அங்குள்ள மூலப் பதிவேட்டை யாரும் வெளியே எடுத்துச் செல்ல முடியாது. வேண்டியவர்களுக்கு வேண்டிய பக்கத்தின் நகல் மட்டும் கிடைக்கும். வெளியே நடக்கும் வேலைகள் எல்லாம் அந்த நகலை வைத்துத்தான் நடக்கும்.

நம் உடலின் செல்லிலும் இதே ஏற்பாடுதான். செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் மூலப் பதிவேடு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் போன்றதே ஜீன். ஒரு புரதம் தேவைப்படும்போது, அதற்குரிய ஜீன் ஆர்.என்.ஏ. என்னும் நகலாக எழுதப்பட்டு உட்கருவுக்கு வெளியே வருகிறது. அதைத் தூதுவ ஆர்.என்.ஏ. என்பார்கள். வெளியே ரிபோசோம் என்னும் நுண்ணிய தொழிற்சாலை அந்த நகலைப் படித்துப் புரதத்தைத் தயாரிக்கிறது. இந்த ரிபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நகலில் உள்ள எழுத்துகள் நான்கே: அடினைன், யுராசில், குவானைன், சைட்டோசின். சுருக்கமாக அ, யு, கு, சை என்று வைத்துக்கொள்வோம். மூன்று மூன்று எழுத்தாக ரிபோசோம் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்தும் புரதத்தின் ஓர் உறுப்பைக் குறிக்கும்.

இதில் ஓர் எழுத்து பிழையானால் என்ன ஆகும்? கே-ராஸ் என்ற ஜீனை எடுத்துக்கொள்வோம். செல்லுக்கு 'வளர்' என்று ஆணையிடும் புரதத்தை அது தருகிறது. வேலை முடிந்ததும் அந்தப் புரதம் தானே அடங்கிவிட வேண்டும். அந்த ஜீனின் நகலில் 12-ஆவது மூன்றெழுத்து 'கு-கு-யு' என்று இருக்க வேண்டும். அது 'கு-அ-யு' என்று ஓரெழுத்து மாறிவிட்டால், புரதம் அடங்க மறுத்து, 'வளர், வளர்' என்று ஓயாமல் ஆணையிட்டுக்கொண்டே இருக்கும். கணையப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் பிழைகளில் இது ஒன்று.

வழக்கமான மருந்து என்ன செய்கிறது? தவறு செய்யும் புரதத்தைப் பிடித்து அடக்கப் பார்க்கிறது. அதற்கு அந்தப் புரதத்தில் மருந்து சென்று பொருந்த ஒரு குழி வேண்டும். பல புற்றுநோய்ப் புரதங்களின் மேற்பரப்பில் அப்படிப்பட்ட வசதியான குழி கிடையாது. இங்கேதான் ஒரு புதிய யோசனை பிறந்தது. புரதத்தைத் துரத்துவானேன்? அது தயாராவதற்கு முன்பே நகலைக் கிழித்துவிட்டால் என்ன?

பதின்மூன்று எழுத்து

அ எப்போதும் யு-வுடன் சேரும். கு எப்போதும் சை-யுடன் சேரும். ஆகவே ஒரு நகலில் 'அ-கு-கு-சை' என்று இருந்தால், அதற்கு நேர்எதிரான 'யு-சை-சை-கு' என்ற இழை அதன்மேல் பொத்தானும் துளையும் போலப் பொருந்தி ஒட்டிக்கொள்ளும். இத்தகைய எதிரிழையை ஆன்ட்டிசென்ஸ் இழை என்கிறார்கள். எதிரிழை ஒட்டிக்கொண்ட நகலை ரிபோசோமால் படிக்க முடியாது. எதிரிழை டி.என்.ஏ. வகையைச் சேர்ந்ததானால், செல்லிலுள்ள ஒரு நொதி வந்து அந்த நகலை வெட்டியும் விடும்.

இதை முதன்முதலில் மருத்துவ நோக்குடன் செய்துகாட்டியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த பால் சாமெக்னிக், மேரி ஸ்டீவன்சன் ஆகிய இருவர். ஆண்டு 1978. அவர்கள் எடுத்துக்கொண்டது கோழிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் ரவுஸ் வைரஸ். அந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வுக்கு எதிராக 13 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு டி.என்.ஏ. இழையைச் செய்து, கோழிக் கருவின் செல்கள் வளரும் கிண்ணத்தில் சேர்த்தார்கள். வைரஸ் பெருகுவது குறைந்தது. செல்கள் புற்றுச் செல்களாக மாறுவதும் குறைந்தது. இந்த மருத்துவமுறையின் முதல் சோதனையே புற்றுநோயைக் குறிவைத்ததுதான் என்பதை நினைவில் வையுங்கள். கட்டுரையின் முடிவில் 13 என்ற எண் மீண்டும் வரும்.

நீங்களே போடக்கூடிய ஒரு கணக்கு

எதிரிழைக்கு எத்தனை எழுத்து இருந்தால் அது தவறான நகலில் ஒட்டாது? காகிதமும் பேனாவும் எடுங்கள்.

நான்கு எழுத்துகளால் 2 எழுத்துச் சொற்கள் 4 × 4 = 16 அமைக்கலாம். 10 எழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 10 லட்சம். 13 எழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 6.7 கோடி. மனித டி.என்.ஏ.வின் மொத்த நீளமோ ஏறத்தாழ 310 கோடி எழுத்து. 310-ஐ 6.7-ஆல் வகுத்தால் 46. அதாவது ஏதோ ஒரு 13 எழுத்துச் சொல், தற்செயலாகவே 46 இடங்களில் வரலாம். 16 எழுத்தானால் 429 கோடி வகைகள், டி.என்.ஏ.வின் நீளத்தையே மிஞ்சிவிட்டது. 20 எழுத்தானால் ஏறத்தாழ 1,10,000 கோடி. டி.என்.ஏ.வில் எழுத்துகள் குலுக்கிப் போட்டதுபோல் அமைந்திருக்கவில்லை. ஆகவே இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் ஆன்ட்டிசென்ஸ் மருந்துகள் பெரும்பாலும் ஏன் 16 முதல் 20 எழுத்து வரை இருக்கின்றன என்பதை அது விளக்கிவிடுகிறதல்லவா?

ஒரு பூவும் ஒரு புழுவும்

இயற்கையும் இதே தந்திரத்தைக் கையாளுகிறது என்பது பின்னர் தெரிய வந்தது. 1990-ஆம் ஆண்டில், பெட்டூனியா என்ற பூச்செடியின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க எண்ணி, நிறத்துக்குரிய ஜீனை மேலும் ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். பூக்கள் வெள்ளையாக மலர்ந்தன! கூடுதலாக வந்த ஜீன், இருந்த ஜீனின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டிருந்தது.

இதன் மர்மம் 1998-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப் புழுவில் துலங்கியது. ஆன்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள், ஒற்றை இழையைவிட இரட்டை இழை ஆர்.என்.ஏ. பன்மடங்கு திறமையாக ஜீனை மௌனமாக்குவதைக் கண்டார்கள். செல்லுக்குள் நுழையும் இரட்டை இழையை ஒரு நொதி சிறு துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஓர் இழை கழற்றி எறியப்படுகிறது. மற்ற இழை ஆர்கோநாட் என்னும் புரதத்தின் கையில் மாதிரிச் சீட்டுப்போல் தங்குகிறது. அந்தச் சீட்டுடன் பொருந்தும் நகலை எல்லாம் ஆர்கோநாட் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிக்கொண்டே போகிறது. ஒரு சீட்டு, பல வெட்டு!

இதற்கு ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்று பெயர். நம் ஒளியியல் பாடத்தில் வரும் குறுக்கீட்டுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே உண்டு. 2001-இல் ஜெர்மனியில் தாமஸ் டுஷ்ல் குழுவினர், 21 எழுத்து கொண்ட சிறு இரட்டை இழைகள் மனிதச் செல்லிலும் இதைச் செய்யும் என்று காட்டினர். ஃபயருக்கும் மெல்லோவுக்கும் 2006-இலேயே நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். இந்த மருந்துகள் ஜீனைத் திருத்துவதில்லை, அழிப்பதும் இல்லை. மூலப் பதிவேடு அப்படியேதான் இருக்கும். நகல் வர வரக் கிழிக்கப்படுகிறது, அவ்வளவே. மருந்து தீர்ந்ததும் நகல் மீண்டும் வரும். ஆகவே ஒரே ஊசியில் ஜீன் ஒழிந்தது என்று எவராவது சொன்னால் அது தவறு.

கையிலிருந்து நழுவிய வெற்றி

கொள்கை இவ்வளவு அழகாக இருக்கும்போது புற்றுநோய்க்கு மருந்து உடனே வந்திருக்க வேண்டாமா? முயற்சிகளுக்குக் குறைவில்லை. பிசிஎல்-2 என்ற ஜீன், சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் காப்பது. அதன் நகலில் முதல் ஆறு மூன்றெழுத்துகளுக்கு எதிராக, அதாவது 18 எழுத்தில், ஒப்ளிமெர்சென் என்ற ஆன்ட்டிசென்ஸ் மருந்தைச் செய்தார்கள். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் முற்றிய 771 நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டது. வழக்கமான மருந்தை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 7.8 மாதம் கடந்தும் உயிருடன் இருந்தனர். இதையும் சேர்த்துப் பெற்றவர்களில் அந்த அளவு 9 மாதம். இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று புள்ளியியல் கூறியது. 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஆலோசனைக் குழு இதை ஏற்க மறுத்தது. நுரையீரல் புற்றுநோய்க்கும் பிராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கும் வந்த வேறு ஆன்ட்டிசென்ஸ் மருந்துகளும் பெரிய சோதனைகளில் தோற்றன.

ஆனால் வேறு சில நோய்களில் இதே முறை வென்றது. 1998-இல் அனுமதி பெற்ற முதல் ஆன்ட்டிசென்ஸ் மருந்தான ஃபோமிவிர்சென், கண்ணில் வரும் ஒரு வைரஸ் நோய்க்கானது. அதைக் கண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்தினார்கள். மருந்தைச் சேர வேண்டிய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தால் அது வேலை செய்தது. இரத்தத்தில் விட்டு 'நீயே போய்ச் சேர்' என்றால் வழி தவறியது. கோளாறு கடிதத்தில் இல்லை, முகவரியில் இருந்தது.

மூன்று தடைகள்

வழியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இது என் பாடம்!

முதலாவது, அளவு. ஆஸ்பிரின் மூலக்கூறின் எடை 180 அலகு. 21 எழுத்து இரட்டை இழையின் எடை ஏறத்தாழ 13,000 அலகு. எழுபது மடங்குக்கும் மேல். ஆஸ்பிரின்போல் செல்லின் சுவரில் எளிதாகக் கசிந்து உள்ளே செல்ல அதனால் முடியாது. அதே நேரத்தில் சிறுநீரகத்தின் வடிகட்டியில் தங்கும் அளவுக்கு அது பெரியதும் அன்று. பாதுகாப்பின்றி இரத்தத்தில் விட்டால் சில நிமிடங்களிலேயே சிறுநீருடன் வெளியேறத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, மின்னூட்டம். அந்த இழையில் ஏறத்தாழ 40 எதிர் மின்னூட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. செல்லைச் சூழ்ந்திருப்பதோ ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமனுள்ள எண்ணெய் போன்ற சவ்வு. அதன் வெளிப்புறத்திலும் எதிர் மின்னூட்டமே மிகுதி. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பதை எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். மின்னூட்டம் சுமந்த பொருள் எண்ணெய்ப் படலத்துக்குள் நுழைவதும் அரிது.

மூன்றாவது, சிறைப்படுதல். எப்படியோ செல் அதை விழுங்கினாலும், ஒரு சிறு பைக்குள் அடைத்துத்தான் உள்ளே இழுக்கிறது. அந்தப் பையிலிருந்து தப்பி வெளிவருவது நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான்.

முகவரி எழுதிய மதுரை மாணவர்

இத்தடைகளை உடைக்க உழைத்த வேதியியலாளர்களில் முன்னணியில் நிற்பவர் ஒரு தமிழர். அவர் பெயர் முத்தையா மனோகரன். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று, அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். ஆன்ட்டிசென்ஸ் மருந்துகளில் முன்னோடியான ஐசிஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பிறகு, 2003-இல் ஆல்நைலம் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடைக்கச்சையில் மூன்று விண்மீன்கள் வரிசையாக ஒளிர்வதை மார்கழி இரவுகளில் பார்த்திருப்பீர்கள். நடுவில் உள்ளதன் பெயரிலிருந்துதான் அந்த நிறுவனத்தின் பெயர் வந்தது.

முதல் வேலை, இழையை வழியில் சிதையாமல் காப்பது. இழையின் முதுகெலும்பில் சில இடங்களில் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகம் வைத்தார்கள். சர்க்கரைப் பகுதிகளில் சிறு வேதித் தொகுதிகளை ஒட்டினார்கள். இரத்தத்திலுள்ள நொதிகளின் கத்தரிக்கோல் அங்கே எளிதில் நுழையவில்லை.

அடுத்தது முகவரி. நம் கல்லீரல் செல்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரத்தத்தில் ஓடித் தேய்ந்த சில புரதங்களின் நுனியில் ஒருவகைச் சர்க்கரை வெளியே தெரியும். கல்லீரல் செல்லின் மேலுள்ள ஏற்பி அதை அடையாளம் கண்டு, அப்புரதத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு கல்லீரல் செல்லில் இத்தகைய ஏற்பிகள் லட்சக்கணக்கில் உண்டு. மனோகரனும் அவருடைய குழுவினரும் அந்தச் சர்க்கரையின் உறவான அசிட்டைல் காலக்டோசமைனை, ஒன்றல்ல, மூன்றாக, முக்கவர் முள்போல் இழையின் நுனியில் பூட்டினார்கள். 2014-இல் அது விரிவாக வெளியிடப்பட்டது. இழை நேரே கல்லீரலைத் தேடிச் சென்று சேர்ந்தது.

கிழக்குத் தாம்பரத்துக்கு 600059, மேற்குத் தாம்பரத்துக்கு 600045 என்று அஞ்சல் குறியீட்டு எண் இருக்கிறதல்லவா? எண் சரியாக இருந்தால் கடிதம் தண்டவாளத்தின் சரியான பக்கத்துக்குப் போய்ச் சேரும். அந்த மூன்று சர்க்கரைகளும் கல்லீரலின் அஞ்சல் எண் என்று வைத்துக்கொள்ளலாம்.

பலன் விரைவில் கிடைத்தது. 2018-இல் முதல் குறுக்கீட்டு மருந்தான பாட்டிசிரான், கொழுப்புத் துளிக்குள் வைத்துச் செலுத்தும் முறையில் அனுமதி பெற்றது. அதை அடுத்து 2019-இல், சர்க்கரை முகவரி தாங்கிய முதல் மருந்தான கிவோசிரான் வந்தது. இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் இன்க்ளிசிரான் 2020-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. தொடக்கத் தவணைகளுக்குப் பின் ஆண்டுக்கு இரண்டே ஊசிகள்!

புற்றுநோய்க்கு ஏன் எட்டவில்லை?

மாணவர் காட்டிய செய்தி, இந்த வெற்றிகளை எல்லாம் எடுத்துப் புற்றுநோயின் கணக்கில் எழுதியிருந்தது. அது ஏன் சரியல்ல என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும்.

கெட்ட கொழுப்பைக் குறைக்க வேண்டுமானால், கல்லீரலில் அதற்குரிய நகல்களில் நூற்றுக்கு எண்பதைக் கிழித்தால் போதும். மிச்சம் இருபது இருந்தாலும் நோயாளிக்கு நன்மையே. புற்றுநோயில் அப்படியல்ல. ஒரு கன சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் 100 கோடி செல்கள் வரை இருக்கலாம். மருந்து 99 விழுக்காடு செல்களை அடைந்து கொன்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் ஒரு விழுக்காடு, அதாவது 1 கோடி செல்கள். அவை ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏழே முறை இரட்டித்தால் 128 கோடி! கட்டி பழைய அளவைத் தாண்டிவிடும். தேர்வில் 99 மதிப்பெண் பெற்றவன் தோல்வியடையும் விந்தையான தேர்வு இது.

மேலும், புற்றுக்கட்டிக்கென்று கல்லீரலைப்போல் தனி முகவரி கிடையாது. அது நம் சொந்தச் செல்லிலிருந்தே பிறந்தது. பெரும்பாலும் நம் செல்களின் கதவுகளையே அதுவும் கொண்டிருக்கிறது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுச் செல்களில்கூட, அந்தச் சர்க்கரை ஏற்பி குறைந்துவிடுவதுண்டு. கட்டிக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் மருந்து உள்ளே ஊடுருவுவதும் கடினம். தப்பித்த செல்கள் எழுத்தை மாற்றிக்கொண்டோ, வேறொரு ஜீனைத் துணைக்கு அழைத்தோ மீண்டும் வளரலாம்.

இருந்தும் கதவு முழுவதும் மூடியிருக்கவில்லை. 2010-இல் அமெரிக்காவில் மார்க் டேவிஸ் குழுவினர், மெலனோமா நோயாளிகளின் இரத்தத்தில் நானோ துகள்களைச் செலுத்தினர். அவை கட்டியை அடைந்து, குறிவைத்த நகலை வெட்டியிருப்பதைக் கட்டியின் சிறு துண்டை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். அது நோயைக் குணப்படுத்திய மருந்தன்று. ஆனால் மனித உடலில் இது நடக்கும் என்பதற்குச் சான்று. இஸ்ரேலில், கே-ராஸ் ஜீனின் அந்த ஓரெழுத்துப் பிழைக்கு எதிரான இழையைச் சிறு குச்சியில் வைத்துக் கணையக் கட்டிக்குள்ளேயே பதித்துப் பார்த்தார்கள். எல்லாம் நல்லபடியாகவே போகும் என்றும் சொல்வதற்கில்லை. எம்ஆர்எக்ஸ்-34 என்ற ஆர்.என்.ஏ. மருந்தின் புற்றுநோய்ச் சோதனை, நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கிளர்ந்து நோயாளிகள் சிலர் உயிரிழந்ததால் 2016-இல் நிறுத்தப்பட்டது.

மீண்டும் பதின்மூன்று

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் இமெடெல்ஸ்டாட் என்ற மருந்து அனுமதி பெற்றது. எலும்பு மஜ்ஜையில் தோன்றும், இரத்தப் புற்றுநோய் வகையைச் சேர்ந்த ஒரு நோய்க்கு, அதிலும் அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் ஒருசாரார்க்கு மட்டும் அது உரியது. இது நகலை வெட்டும் மருந்தன்று. புற்றுச் செல்லைச் சாகாவரம் பெற்றதுபோல் பெருக விடும் டெலோமரேஸ் என்ற நொதி, தன் வேலைக்கு ஓர் ஆர்.என்.ஏ. அச்சை வைத்திருக்கிறது. அந்த அச்சின்மேல் எதிரிழையாக ஒட்டிக்கொண்டு நொதியை முடக்குவதே இதன் வேலை. சவ்வைக் கடக்க உதவும் ஒரு கொழுப்பு வாலும் இதற்கு உண்டு.

சோதனையில், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 40 பேர் குறைந்தது எட்டு வாரம் இரத்தம் ஏற்றாமல் இருக்க முடிந்தது. வெறும் திரவம் பெற்றவர்களில் நூற்றுக்கு 15 பேரே அப்படி இருந்தனர். இரத்தத்தில் செலுத்தும் மருந்துக்கு எலும்பு மஜ்ஜை எட்டும் தூரத்தில் இருப்பது நினைத்துப் பார்க்கத் தக்கது.

இதில் எத்தனை எழுத்து தெரியுமா? சரியாக 13! சாமெக்னிக் கோழிச் செல்களில் சேர்த்த இழைக்கும் அதே நீளம். அந்தப் பதின்மூன்றிலிருந்து இந்தப் பதின்மூன்றுக்கு வந்துசேர 46 ஆண்டுகள் ஆயின.

நான் சொன்ன விடை

ஒரு வாரம் கழித்து மாணவரை அழைத்து இவற்றை எல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பிறகு மூன்று செய்திகளைச் சொன்னேன்.

"ஒன்று, அம்மாவுக்கு வந்திருக்கும் மார்பகப் புற்றுநோய்க்கு, ஜீனை மௌனமாக்கும் மருந்து எதுவும் இன்னும் அனுமதி பெறவில்லை. இரண்டு, இப்போது நடக்கும் சிகிச்சை பல ஆயிரம் பேரிடம் சோதித்துத் தேறியது. அதை நிறுத்தினால் அந்த ஏழு இரட்டிப்புகளுக்கு நாமே வழிவிட்டதாகும். மூன்று, புதிய மருந்தின் சோதனை நம் நாட்டில் நடந்தால், அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007 முதல் இயங்கும் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதில் இல்லாமல், பணம் கட்டினால் ஊசி போடுகிறேன் என்பவரை நம்பாதே. எதுவானாலும் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேள்."

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் இதெல்லாம் எப்போது சார் வரும்?" என்றார்.

தேதி சொல்ல என்னால் இயலவில்லை. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயரை நினைவூட்டினேன். சானடோரியம்! 1928-இல் டாக்டர் சவுரி முத்து அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் உலகில் இல்லை. நல்ல காற்றும் ஓய்வும் உணவுமே சிகிச்சை. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. கிருமி தன்னை மாற்றிக்கொண்டு அதற்குத் தப்பியது. ஒரு மருந்து போதாது, பலவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை அப்போது கற்றார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடையலாம் என்று உலகுக்கே காட்டியது. பலர் பல ஆண்டுகள் பொறுமையாகச் சோதித்ததால் வந்த வெற்றி அது. ஜீனை மௌனமாக்கும் மருந்தும் புற்றுநோயில் தனியாக வெல்லும் என்று எண்ண வேண்டியதில்லை. மற்ற மருந்துகளுக்கு வலிமையான துணையாக வரலாம்.

மாணவரின் தாயார் மருந்தேற்றும் தவணைகள் அனைத்தையும் முடித்துவிட்டார். இனிக் குறித்த நாள்களில் பரிசோதனைக்குச் சென்று வர வேண்டும். மாணவரோ இப்போது நூலகத்தில் உயிர் இயற்பியல் புத்தகங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

மாணவ நண்பர்களே! கடிதம் எழுதும் கலை நமக்குக் கைவந்துவிட்டது. எந்த ஜீனுக்கும் எதிரிழையை இன்று சில நாள்களில் செய்துவிட முடியும். கல்லீரலுக்கு முகவரி எழுதியவர்களுள் ஒருவர் மதுரையில் உங்களைப்போல் பெஞ்சில் அமர்ந்து வேதியியல் படித்தவர். மார்பகத்துக்கும் கணையத்துக்கும் நுரையீரலுக்கும் உரிய முகவரி இன்னும் எழுதப்படவில்லை. அதற்கு வேண்டிய வேதியியலும் இயற்பியலும் உயிரியலும் உங்கள் பாடப் புத்தகத்திலிருந்தே தொடங்குகின்றன.